அரசுக் கட்டடங்களுக்குள் போக எம்எல்ஏக்களுக்குச் சட்டப்படி உரிமை வேண்டும்: புதுச்சேரி சட்டப்பேரவைக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி சட்டப்பேரவைத் தலைவர் அவர்களுக்கும், ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, சுயேச்சை, நியமனம் என்ற வேறுபாடு இல்லாமல் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் தொகுதியில் ஓர் அரசு மருத்துவமனை இருக்கும். மாணவர் விடுதி இருக்கும். அங்கன்வாடி, முதியோர் இல்லம், ரேஷன் கிடங்கு, காவல் நிலையம் என்று ஏதாவது இருக்கும். இவற்றில் எதற்குள்ளும் யாரிடமும் முன்கூட்டி அனுமதி கேட்காமல் போய்ப் பார்க்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா? உறுப்பினர்கள் எல்லோருக்கும் பொதுவாக அப்படி ஓர் உரிமை எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. இன்று நீங்கள் உள்ளே போக முடிகிறது என்றால், அது அங்கே இருக்கும் அதிகாரி காட்டும் மரியாதையால், அல்லது அவருக்கு இருக்கும் பயத்தால். ஆளும் கட்சிக்காரர் வந்தால் கதவு திறக்கிறது. எதிர்க்கட்சிக்காரர் வந்தால் “மேலே கேட்டுச் சொல்கிறோம்” என்கிறார்கள். அடுத்த தேர்தலில் ஆட்கள் இடம் மாறுகிறார்கள், பதிலும் இடம் மாறுகிறது. இதற்கு முடிவு கட்ட ஒரு சிறிய சட்டம் கொண்டுவாருங்கள் என்று கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நான் முத்தியால்பேட்டையில் வசிக்கிறேன். இங்கே ஓர் அரசுத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எம்எல்ஏக்கள் வந்து நிற்கும்போது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்பதால், அலுவலர்களின் சங்கடமும் எனக்குத் தெரியும்.

இந்தச் சட்டம் மற்ற ஊர்களுக்கும் நல்லதுதான். ஆனால் புதுச்சேரிக்குக் கட்டாயம் வேண்டும் என்பேன். கடலூரில் ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்றால் வார்டு கவுன்சிலரைப் பிடிக்கலாம், மேயரிடம் போகலாம். நமக்கு யார் இருக்கிறார்கள்? 1968-இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அதற்கப்புறம் 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்த பிறகு, ஐந்து நகராட்சிகளையும் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளையும் (கொம்யூன் என்பது பிரெஞ்சுக் காலத்து உள்ளாட்சிப் பிரிவு) அதிகாரிகளே நடத்தி வந்திருக்கிறார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கவுன்சிலர் என்று ஒருவரைக் கண்ணால் பார்க்காமலே ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

பிரெஞ்சு ஆட்சியில் தொடர்வதா, இந்தியாவோடு இணைவதா என்று முடிவு செய்ய 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்களித்த 178 பேர் யார் என்று நினைத்துப் பாருங்கள். பிரதிநிதி சபை உறுப்பினர்களும் நகராட்சி மன்ற உறுப்பினர்களும். அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்ததால்தான் அந்த நவம்பர் முதல் தேதி நமக்கு விடுதலை நாளாயிற்று. கொம்யூன் உறுப்பினர்களின் கையால் விடுதலை பெற்ற ஊரில் இன்று ஒரு கொம்யூன் உறுப்பினர்கூட இல்லை. சாக்கடை முதல் சவக்கிடங்கு வரை எல்லாவற்றுக்கும் மக்கள் உங்கள் முப்பது பேரின் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே ஆள் நீங்கள். அந்த ஒரே ஆளும் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்றால், உள்ளே என்ன நடக்கிறது என்பதை மக்கள் சார்பில் பார்க்க யாருமே இல்லை.

ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம், எம்எல்ஏவின் பெயரும் வேண்டாம். நகரத்தை ஒட்டிய ஓர் அரசு மாணவியர் விடுதி. எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மாவின் மகள் அங்கே தங்கிப் படித்தாள். தண்ணீரில் புழு வருகிறது, பாதிப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று அவள் போனில் அழுதாள். அந்த அம்மா காலையில் எம்எல்ஏவைப் பார்த்துச் சொன்னார். சாயங்காலம் அவர் பைக்கில் ஓர் உதவியாளரோடு வந்துவிட்டார். கூட்டம் இல்லை, கொடி இல்லை. நானும் அந்த அம்மாவும் கேட்டருகே இருந்தோம்.

கேட்டில் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் உள்ளே ஓடிப் போய்விட்டு வந்து, “வார்டன் மேடம் டைரக்டர்கிட்ட கேட்டுட்டு இருக்காங்க சார்” என்றார். டைரக்டர் தலைமைச் செயலகத்தில் ஏதோ கூட்டத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. சும்மா நிற்க வைத்திருக்கிறோமே என்ற சங்கடத்தில் வாட்ச்மேன் வருகைப் பதிவேட்டைக் கம்பி வழியாக நீட்டினார். பெயர், ஊர், நேரம், பார்க்க வந்தவர், காரணம். காரணம் என்ற இடத்தில் எம்எல்ஏ ‘தண்ணீர்’ என்று எழுதினார். மாடி வராந்தாவில் பிள்ளைகள் வாளியோடு நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வாளியைச் சாய்த்து உள்ளே இருப்பதைக் காட்ட முயன்றாள். அந்தத் தூரத்திலிருந்து என்ன தெரியும்? இருட்டும் வரை நின்றுவிட்டு அவர் போய்விட்டார்.

அனுமதி அடுத்த வாரம் வந்தது. அவர் போனபோது தொட்டி கழுவியிருந்தது, பிளீச்சிங் பவுடர் வாசம் மூக்கைத் துளைத்தது, குழாய்கள் புதிது. புழு எங்கே என்று கேட்டால் யார் காட்டுவது? அப்புறம் விடுதிக்குள்ளே “வெளியில யாருடி சொன்னது?” என்று விசாரணை நடந்தது. அந்தப் பெண் அந்த வருடத்தோடு விடுதியைக் காலி செய்துவிட்டு, தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள்.

இதில் வார்டன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கதவைத் திறந்தால் “யாரைக் கேட்டு விட்டாய்?” என்று மெமோ வரும். திறக்காவிட்டால் எம்எல்ஏவைப் பகைத்துக்கொள்ள வேண்டும். “சட்டம் இப்படிச் சொல்கிறது, அதனால் திறந்தேன்” என்று காட்ட அவர் கையில் ஒரு தாள் இல்லை. ‘முன் அனுமதி தேவையில்லை’ என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தால், முதலில் நிம்மதி அடைவது அந்த வார்டனும் வாட்ச்மேனும்தான். ஒரு முன்னாள் அரசு ஊழியராக இதை அழுத்திச் சொல்கிறேன்.

உங்களுக்கு இப்போது இருக்கும் உரிமைகள் என்ன? புதுச்சேரிக்குப் பேரவையைத் தந்த 1963-ஆம் ஆண்டு யூனியன் பிரதேச ஆட்சிச் சட்டம் உங்களுக்கு அவை உரிமைகளைத் தருகிறது. அவைக்குள் பேசியதற்கும் வாக்களித்ததற்கும் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. அது பெரிய பாதுகாப்புதான், ஆனால் பேரவைக் கட்டடத்துக்கு வெளியே அது ஒரு கதவையும் திறக்காது. அதிகாரிகள் உங்களிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மத்தியப் பணியாளர் துறை 2011 டிசம்பரில் தொகுத்து அனுப்பிய சுற்றறிக்கை இருக்கிறது. எம்பி, எம்எல்ஏ வந்தால் எழுந்து வரவேற்க வேண்டும், போகும்போது எழுந்து வழியனுப்ப வேண்டும், கடிதம் வந்தால் 15 நாளில் கிடைத்ததென்று சொல்லி அடுத்த 15 நாளில் பதில் தர வேண்டும், விழாக்களில் உரிய இருக்கை தர வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. நான் வேலையில் இருந்தபோது இதைக் கோப்பில் போட்டுச் சுற்றுக்கு விட்டிருக்கிறோம். எழுந்து நிற்பதெல்லாம் சரி. சொல்லாமல் வந்து சமையலறையைப் பார்க்கலாமா என்பதற்கு அதில் பதில் கிடையாது.

பேரவைக் குழுக்கள் போய் ஆய்வு செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு எல்லாம் நல்ல ஏற்பாடுதான். ஆனால் குழு வரும் தேதி முன்னதாகவே தபாலில் வந்துவிடும். அதற்கு முந்தின நாள் ஓர் அரசு அலுவலகம் எப்படி இருக்கும் என்று அங்கே வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நடைபாதை ஓரம் சுண்ணாம்புக் கோடு, கட்டில்களில் மடிப்புக் கலையாத விரிப்பு, நாள்கணக்கில் எரியாத டியூப்லைட் எல்லாம் எரியும். சிறைகளுக்கும் பார்வையாளர் குழு என்று பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. அதில் அலுவல்சாராதவர்களுக்கு அரசு நியமித்தால்தான் இடம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 சாதாரண குடிமக்களுக்கே பணிகளைப் பார்வையிடும் உரிமையைத் தருகிறது, ஆனால் மனுவுக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம். புழு முப்பது நாள் காத்திருக்காது.

நம் ஊரில் யார் எந்த வாசலுக்குள் நுழையலாம் என்பது எப்போதும் அரசியலாகவே இருந்திருக்கிறது. 2017-இல் மத்திய அரசு மூன்று பேரை நியமன எம்எல்ஏக்களாக்கியது. அன்றைய பேரவைத் தலைவர் அவர்களை ஏற்கவில்லை. நியமனம் செல்லும் என்று 2018 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும், பேரவை வாசலில் அவர்களைத் தடுத்தார்கள். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் நியமனத்தை உறுதிசெய்தது. மாநில அரசைக் கேட்காமல் ஆளை நியமிப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் பதவியேற்ற ஓர் உறுப்பினரைக் காவலர் கையால் வாசலில் நிறுத்தியது சரியில்லை என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அதே காலத்தில் துணைநிலை ஆளுநராக இருந்த கிரண் பேடி, வார இறுதியில் காலையிலேயே ஆய்வுக்குக் கிளம்பிவிடுவார். அதிகாரிகள் பின்னால் ஓடுவார்கள். போய்ப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை, அதனால் சில வாய்க்கால்கள் தூர்வாரப்பட்டன. என் கேள்வி வேறு. டெல்லி நியமித்து அனுப்பியவருக்கு எல்லாக் கதவும் திறக்கிறது. மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் மட்டும் ஏன் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டும்? 2021 ஜனவரியில் துணைநிலை ஆளுநர் மாளிகையான ராஜ்நிவாஸைச் சுற்றித் தடுப்பு வைத்து, துணை ராணுவத்தை நிறுத்தியிருந்தார்கள். ஓர் அமைச்சரே தன் துறைக் கோப்புகளுக்காகச் சட்டப்பேரவை வளாகத்தில் உட்கார்ந்து போராடினார். அமைச்சருக்கே அந்த நிலை என்றால் ஒரு சாதாரண எதிர்க்கட்சி எம்எல்ஏவின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, நமக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் ஒரு முன்மாதிரியைச் சொல்கிறேன். நம் தெருக்களில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் உண்டு. சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவ வீரராக இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பிரெஞ்சுத் தேர்தலுக்கு இங்கிருந்தே ஓட்டுப் போடுகிறார்கள். வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று 2012-இலிருந்து நாடாளுமன்றத்தில் 11 தொகுதிகள் இருக்கின்றன. இந்தியா பதினோராவது தொகுதியில் வருகிறது. அவர்கள் தேர்ந்தெடுக்கும் அந்த உறுப்பினருக்கு பிரான்ஸில் என்ன உரிமை இருக்கிறது தெரியுமா?

2000-ஆம் ஆண்டு பாரிஸில் லா சான்தே சிறையின் மருத்துவர் ஒருவர் உள்ளே தான் கண்டதை எழுதி வெளியிட்டார். எலியும் பூச்சியும் தோல் நோயும் தற்கொலையுமாக அந்தச் சிறை நாறிக் கிடந்தது நாட்டுக்கே தெரிய வந்தது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் விசாரணைக் குழு அமைத்தன. அந்த ஜூன் மாதமே சட்டம் வந்தது. அவர்களுடைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 719-ஆம் பிரிவின்படி இரு அவை உறுப்பினர்களும் சிறைகளையும், போலீஸ் காவலில் ஆட்களை வைக்கும் இடங்களையும், வெளிநாட்டினரைத் தடுத்து வைக்கும் மையங்களையும் எந்த நேரத்திலும் போய்ப் பார்க்கலாம். எந்தக் கட்சி என்று கேட்பதில்லை. 2013-இல், நோயாளிகளை அவர்கள் சம்மதம் இல்லாமல் வைத்துச் சிகிச்சை தரும் மனநல மருத்துவமனைகளுக்கும் இதே உரிமை வந்தது. 2015-இலிருந்து சிறைக்குப் போகும்போது பத்திரிகையாளர்களையும் கூட்டிக்கொண்டு போகலாம். இத்தாலியில் 1975-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டமே நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனுமதியின்றிச் சிறைக்குள் போகலாம் என்று சொல்லிவிட்டது.

ஆக, முத்தியால்பேட்டையில் ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேரில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் நள்ளிரவிலும் ஒரு பிரெஞ்சுச் சிறையின் கதவைத் தட்டலாம். இந்தியக் குடியுரிமை உள்ளவர் ஓட்டுப் போட்டு அனுப்பிய நீங்கள் காலாப்பட்டுச் சிறைக்கோ ஒரு மாணவியர் விடுதிக்கோ போக அனுமதிக் கடிதம் எழுத வேண்டும். போலீஸாரின் கெப்பித் தொப்பியும் தெருப் பெயர்களும் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்தவை என்று சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறோம். இந்த 719-ஐயும் எடுத்துக்கொள்ளலாமே!

அமெரிக்காவில் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சட்டம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் அங்கே பளிச்சென்று தெரிகிறது. 2025 பிப்ரவரி தொடக்கத்தில், ஒரே வாரத்துக்குள், அயல்நாட்டு உதவி முகமையான யுஎஸ்எய்டின் தலைமையகத்திலும் கல்வித் துறைத் தலைமையகத்திலும் எதிர்க்கட்சி உறுப்பினர்களை உள்ளே விடவில்லை. வாசலில் நின்று பேட்டி கொடுத்ததற்கு மேல் அவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை. ஆனால் குடியேறிகளை அடைத்து வைக்கும் மையங்களுக்கு மட்டும் அங்கே தனி ஏற்பாடு இருக்கிறது. நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்திலேயே, இந்த மையங்களை மேற்பார்வையிட வரும் உறுப்பினரைத் தடுக்க இந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது, அவர் முன்னறிவிப்பும் தரத் தேவையில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அங்கேயும் ஏழு நாள் முன்னால் சொல்லிவிட்டு வா என்று நிர்வாகம் நிபந்தனை போட்டது. உறுப்பினர்கள் வழக்குத் தொடுத்தார்கள், 2025 டிசம்பரில் நீதிபதி அந்த நிபந்தனையை நிறுத்தி வைத்தார். எழுதி வைத்த சட்டம் இருந்ததால்தான் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது.

மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். அரசு ஊழியர் சங்கங்களில் இருக்கும் என் நண்பர்களே முதலில் சொல்வார்கள்: “எம்எல்ஏ தனியா எங்கே வர்றார்? இருபது பேரோட வருவார், செல்போன்ல லைவ் போடுவார், ட்யூட்டி நர்ஸை நோயாளி முன்னால திட்டுவார்.” இது பொய் இல்லை. பிரசவ வார்டுக்குள் கட்சிக்காரர்கள் செருப்போடு நுழைந்து படம் எடுத்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. கோபத்தில் கை ஓங்கி, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக வழக்கு வாங்கிய உறுப்பினர்களும் உண்டு. ஆகவே நான் கேட்பது எல்லையோடு கூடிய உரிமை. உறுப்பினரோடு அதிகம் போனால் இரண்டு பேர். மாணவியர் விடுதி, பெண்கள் இல்லம் என்றால் அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். நோயாளிகள், குழந்தைகள், கைதிகள் முகத்தைப் படம் எடுக்கக் கூடாது. தொட்டி, சமையலறை, கழிவறை, மருந்து இருப்பு, வருகைப் பதிவேடு ஆகியவற்றைப் பார்க்கலாம், படமும் எடுக்கலாம். அறுவைச் சிகிச்சை அறை, தீவிர சிகிச்சைப் பிரிவு, பிரசவ அறைக்குள் போகக் கூடாது. தனிப்பட்டவர்களின் கோப்பைத் தொடக் கூடாது. அங்கேயே யாருக்கும் உத்தரவு போடக் கூடாது. அது அமைச்சரின் வேலை. பார்த்ததை எழுதி, பேரவைச் செயலகத்துக்கு ஒரு பிரதி, துறைக்கு ஒரு பிரதி கொடுக்க வேண்டும். துறை குறிப்பிட்ட நாளுக்குள் பதில் தர வேண்டும், அறிக்கையும் பதிலும் சேர்ந்து அவையில் வைக்கப்பட வேண்டும்.

இன்னொன்றும் அவசியம், அந்த விடுதியை நினைத்துத்தான் கேட்கிறேன். உறுப்பினரிடம் பேசிய பிள்ளையையோ, நோயாளியையோ, கைதியையோ, கடைநிலை ஊழியரையோ அதற்காக யாராவது தொந்தரவு செய்தால் அது தண்டனைக்குரியது என்று சட்டத்திலேயே எழுதுங்கள். வாசலை மட்டும் திறந்துவிட்டு இதை விட்டுவிட்டால், உள்ளே போனாலும் உங்களிடம் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தடுத்த அதிகாரி மீது பேரவையின் உரிமைக் குழுவுக்குப் புகார் போகலாம் என்பதும், அத்துமீறிய உறுப்பினர் மீதும் அதே குழுவுக்கு ஊழியர் புகார் தரலாம் என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

இதைச் செய்ய உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. மாநிலப் பட்டியலிலும் பொதுப் பட்டியலிலும் உள்ள விஷயங்களில் நம் பேரவை சட்டம் இயற்றலாம். சிறை, பொது சுகாதாரம், மருத்துவமனை, உள்ளாட்சி எல்லாம் மாநிலப் பட்டியலில்தான் இருக்கின்றன. புதிதாகப் பணம் ஒதுக்க வேண்டிய சட்டமும் இல்லை, எனவே நிதி இல்லை என்று யாரும் கோப்பைத் திருப்ப முடியாது. கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் 2008-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் இயங்குவது, அதை நம் சட்டம் கட்டுப்படுத்தாது. அதற்கு, நம் எம்பிக்களுக்கும் எம்எல்ஏக்களுக்கும் இதே உரிமை தரும்படி மத்திய அரசைக் கேட்டுத் தனியே ஒரு தீர்மானம் போடுங்கள்.

அரசு தானாகக் கொண்டுவரும் என்று காத்திருக்க வேண்டாம். எந்த ஆட்சியும் எதிர்க்கட்சிக்குக் கதவு திறக்கும் சட்டத்தைத் தானாகக் கொண்டுவராது. அடுத்த கூட்டத்தொடரில் தனிநபர் மசோதாவாக ஆளும் கட்சியிலிருந்து ஒருவரும் எதிர்க்கட்சியிலிருந்து ஒருவரும் சேர்ந்து முன்மொழியுங்கள். காரைக்கால், மாகே, ஏனாம் உறுப்பினர்களையும் வரைவு எழுதும்போதே உட்கார வையுங்கள். டைரக்டர்கள் எல்லோரும் புதுச்சேரியில் இருக்கிறார்கள், அனுமதி கேட்டு அதிகம் காத்திருப்பது அந்த மூன்று ஊர்க்காரர்கள்தான். வரைவு தயாரானதும் அதைத் தமிழில் அச்சிட்டு, அரசு ஊழியர் சங்கங்களிடமும் மக்களிடமும் ஒரு மாதம் கருத்துக் கேளுங்கள். நானும் என்னோடு ஓய்வு பெற்ற சிலரும், அலுவலகப் பக்கத்திலிருந்து எங்கே சிக்கல் வரும் என்று பிரிவு வாரியாக எழுதித் தரத் தயாராக இருக்கிறோம். பேரவைச் செயலகத்திலிருந்து கூப்பிட்டால் வருகிறோம்.

இப்படிக்கு,
முத்தியால்பேட்டை வாக்காளர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்